பெல்ட் இல்லாத மோட்டார்

"அம்மா, நீ செய்யறது கொஞ்சம்கூட நியாயமில்லை."

விடுமுறைக்கு வந்த மகள், அம்மா வேலை பார்க்கும் தையல் அறையில் இடுப்பில் கைவைத்து நின்றாள். பல்கலைக்கழகப் பேச்சுப் போட்டிகளில் எதிரணியைக் கதிகலங்க வைத்த அதே குரல்.

காலையில் வாய் பிளந்து பார்த்தவளும் அவள்தான். பஞ்சுப் போர்வை தைக்கும் அந்த மெஷின் அவளைவிட வயதில் மூத்தது. அம்மாவின் கைவைத்தியத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. நூல் தொய்யாமலிருக்க, தீர்ந்துபோன பேனாவின் ஸ்பிரிங். நூல்கண்டு துள்ளாமலிருக்கத் தைலப் புட்டியின் மூடி. துணி வழுக்கிக்கொண்டு போக, மேசைமேல் ஒரு எக்ஸ்ரே படம்.

"யாருதும்மா இது?"

"உங்கப்பா முழங்கால். வீட்டுல ஒரு வேலைக்கும் அசையாதது, இங்கயாவது உதவட்டும்."

அப்போது சிரித்தவள், மெஷினின் பின்பக்கம் போனதும் கொதித்துப்போனாள். தைத்த போர்வை சுருளும் உருளையைக் கைப்பிடியால் சுற்றிக்கொண்டிருந்தாள் அத்தை. அம்மாவோடு இருபது வருடமாக வேலை செய்பவள். பக்கத்திலேயே மோட்டார் இருந்தது. பெல்ட்தான் இல்லை.

"உன் பக்கம் எல்லாத்தையும் சரிபண்ணிக்கிட்டே. அத்தை மட்டும் நாளெல்லாம் கையால சுத்தணுமா?"

"அந்தப் பெல்ட் இப்ப எங்கயும் வர்றதில்லைடி."

"பேனா ஸ்பிரிங்கை வெச்சு மெஷினை ஓட்டறவளுக்கு ஒரு பெல்ட் செய்யத் தெரியாதா?"

அம்மா ஊசியில் நூல் கோக்கப் போனாள், ஏற்கெனவே கோத்திருந்த ஊசியில்.

அத்தை தன் தடித்த கண்ணாடியைக் குரல் வந்த பக்கம் திருப்பினாள். "விடும்மா. சும்மா உக்காந்து சம்பளம் வாங்கினா எனக்குச் செரிக்காது."

சாப்பாட்டு நேரத்தில் இருவரும் கை கழுவப் போனார்கள். நானே ஒரு பெல்ட் செய்கிறேன் என்று ரப்பர் துண்டு தேடி, அம்மாவின் பொத்தான் டப்பாவைக் கவிழ்த்தாள் மகள்.

அடியில் ஒரு துணிப் பொட்டலம். பிரித்தால், பெல்ட். ஒரு விரிசல் இல்லை. ஒட்டிக்கொள்ளாமலிருக்கப் பவுடர்கூடப் பூசியிருந்தது. மோட்டாரில் வைத்துப் பார்த்தாள். அச்சாகப் பொருந்தியது.

பெத்த தாயாக இருந்தால் என்ன? பெல்ட்டோடு நேரே முதலாளி அறைக்குப் போனாள்.

"சார், பெல்ட் இருக்கு. எங்கம்மா ஒளிச்சு வெச்சிருக்காங்க."

முதலாளி எழுந்து கதவைச் சாத்தினார்.

"மெதுவாப் பேசும்மா. இதை மாட்டினா அந்த அறைக்கு ஒரு ஆள் போதும்."

மகள் பெல்ட்டைச் சுருட்டி உள்ளங்கைக்குள் மறைத்தாள்.

"உங்க அத்தைக்குக் கண் மங்கிப்போச்சு, இனிமே தைக்க முடியாது. வேலை இல்லாம சம்பளம் குடுத்தா மறுநாளே வரமாட்டாங்க. எடுத்த இடத்துலயே வெச்சிடு. எனக்குத் தெரியும்னு உங்கம்மாவுக்குத் தெரிய வேண்டாம்."

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா சார்?"

"பெல்ட் கிடைக்கலைன்னு உங்கம்மா சொன்னதை நம்பி, நானும் ஊரெல்லாம் தேடினேன். வாங்கிட்டு வந்து அந்த அறை வாசல்ல நின்னு, உங்க அத்தை தடவித் தடவிக் கைப்பிடியைப் பிடிக்கறதைப் பார்த்தப்புறம்தான் புரிஞ்சுது."

மேசை டிராயரை இழுத்தார். உள்ளே மூன்று வருடத் தூசியோடு, கவர்கூடப் பிரிக்காமல், அதே பெல்ட் இன்னொன்று.