நூறாவது வரி

ஸ்கேன் மருத்துவர் புருல்ச்சாவின் விரல்களில் ஆட்டுக்கொழுப்பு நாறியது.

குதிரைமேல் இருந்தபடி தலையில்லாத ஆட்டைப் பிடுங்கி, இலக்கான கிணற்றில் போடும் கோக்-பொரு ஆட்டத்தில், எதிரணிக் குதிரை மெலிஸின் வயிற்றில் மோதியிருந்தது. அவன் சட்டையை அவள்தான் கழற்றினாள். வயிறெல்லாம் கொழுப்பும் ஆட்டுமயிரும். துடைத்துவிட்டு, ஜெல் தடவி, ஸ்கேன் கருவியை வைத்தாள்.

மண்ணீரலைச் சுற்றிக் கறுப்புப் பட்டை. ரத்தம்.

"அக்கா, கடைசி ஆட்ட நான்தான் கிணத்துல போட்டேன். எண்ணிக்கையில சேத்துட்டானுங்களா, ஏமாத்திட்டானுங்களா?"

அவன் உதடு வெளுத்திருந்தது.

அறுவை அறை எதிரிலேயே இருந்தது. கதவும் திறந்திருந்தது.

துறைத்தலைவர் தாஷ்தன்பேக் அட்டவணையோடு வந்தார். வயிற்றில் அடிபட்டவர்களுக்கு எது சரியாகக் காட்டுகிறது, அல்ட்ராசவுண்ட் ஸ்கேனா, சி.டி.யா என்று அவர் ஆராய்ந்துகொண்டிருந்தார். நூறு பேருக்கு இரண்டும் எடுத்து ஒப்பிட வேண்டும். தொண்ணூற்றொன்பது முடிந்திருந்தது.

"உங்க ஸ்கேன மட்டும் நம்பி வயித்தக் கிழிக்கச் சொல்றீங்களா, புருல்ச்சா? கீழ சி.டி. சும்மாதான கிடக்கு. அஞ்சே நிமிஷம்."

நாடி நூற்றுநாற்பதில் ஓடுகிறது என்றாள்.

ஒருமுறைதான் சொன்னாள்.

சி.டி. வளையத்துக்குள் பாதி போனபோது மெலிஸின் பேச்சு நின்றது. பிறகு எல்லாம் நின்றது. ஒரு படம்கூட விழவில்லை.

தாஷ்தன்பேக் தேநீர் வரவழைத்தார். சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்து உறிஞ்சினார். அவருடைய ஈர மீசையைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

"பாவம், சின்னப் பையன். ஆனா சி.டி. படம் இல்லையே, சேத்துக்க முடியாது. வேற ஆள் வராமலா போயிடும்?"

அட்டவணையை அவள் பக்கம் தள்ளினார்.

இறந்தவர்களுக்கான கட்டங்களில் மேலிருந்து கீழ்வரை பூஜ்யம். நூறாவது வரியில் மட்டும் பென்சில் எழுத்து. மெலிஸ், வயது இருபத்துமூன்று, மண்ணீரல், ரத்தம் உண்டு. அவள் கையெழுத்து.

புருல்ச்சா கோட்டுப் பையிலிருந்து ரப்பரை எடுத்தாள். தேய்ந்து, நகத்தளவே மிஞ்சியிருந்தது.

அழுத்தாமல் அழித்தாள்.

இப்படியே படம் விழுமுன் இறந்த மூன்று பேரின் பெயர்களை முன்பு அவள் அழித்த இடம் அது. காகிதம் மெலிந்திருந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தினால் ஓட்டை விழும்.