முதல் பரிசுப் பசு

டாக்டர் பராங்குசம் ஜீப்பிலிருந்து இறங்கியதும் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார். செத்த மாட்டின் வாடை அவருக்குப் பழக்கம். இருபது வருஷமாக அதைத்தான் அறுத்துப் பார்க்கிறார். கூடி நிற்கிற மனுஷ வாடைதான் அவருக்குத் தாங்காது.

தொழுவத்துச் செம்மணலில் பசு கால் விறைத்துக் கிடந்தது. உடன்குடி கருப்பட்டி வியாபாரி ஆறுமுகநயினாரின் சிந்தி ஜாதிப் பசு. முந்தின நாள் தூத்துக்குடியில், பழைய துறைமுகத்துக்குப் பக்கத்து மைதானத்தில் நடந்த கால்நடைக் காட்சியில் முதல் பரிசு வாங்கியது. விடிந்து பார்த்தால் உயிரில்லை.

டாக்டருக்கு அந்தப் பசுவைத் தெரியும். காட்சிக்குச் சிறப்பு விருந்தினராக வந்து, மாடுகளைக் கொல்லும் செடிகளைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசியவர் அவர்தான். ஜில்லாவிலேயே விஷத்தைக் கரைத்துக் குடித்தவர் என்று மேடையில் ஒருவர் புகழ்ந்தார். டாக்டர் மறுக்கவில்லை.

கூட்டம் கடலையைக் கொறித்துக்கொண்டிருந்தது. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று நினைத்தபடியே பேசி முடித்தார்.

இப்போது அதே கழுதைகள் வாயைப் பிளந்துகொண்டு அவர் கையைப் பார்த்து நின்றன.

மாடு பார்க்கிற மாசானத்தைப் பூவரச மரத்தில் கட்டிப்போட்டிருந்தார்கள். அதுவும் பசுவின் கயிற்றாலேயே. பெண்டாட்டி பிரசவத்துக்கு லீவு கேட்டுப் போன வாரம் நயினாரிடம் அறை வாங்கியவன் அவன். அந்த ஆத்திரத்தில் வாழைக்கு அடிக்கிற பூச்சிமருந்தைத் தவிட்டில் கலந்துவிட்டான் என்பது ஊரின் தீர்ப்பு. அவன் கீழுதடு வீங்கியிருந்தது.

பக்கத்தில் சைக்கிளைச் சாத்திவிட்டு ஒரு போலீஸ்காரர் நின்றார். விஷம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் ஆளைக் கொண்டுபோக வேண்டியதுதான் அவருக்கு வேலை.

பூச்சிமருந்தாம். அப்படியென்றால் மாட்டின் வாயில் நுரை எங்கே? தவிட்டுத் தொட்டியில் மருந்து நெடி எங்கே? இந்த ஊரில் பதநீரோடு மூளையையும் சேர்த்துக் காய்ச்சிவிடுவார்கள் போல என்று டாக்டர் நினைத்தார். மாசானத்தின் மேலும் அவருக்கு இரக்கம் வரவில்லை. கட்டிப்போட்டால் மாடு மாதிரி நிற்கிறான், தடியன்.

கையுறை மாட்டிக்கொண்டு அறுத்தார். இதயத்தின் உட்புறம் திட்டுத்திட்டாக ரத்தம் கசிந்திருந்தது. பாதி விடை அங்கேயே கிடைத்துவிட்டது.

இரைப்பையைக் கீறினார். வைக்கோல் பேருக்குத்தான் இருந்தது. மேடைக்குப் பக்கத்தில் சாணி போட்டு மானத்தை வாங்கிவிடக் கூடாதென்று பசுவை நேற்று முழுக்கப் பட்டினி போட்டிருக்கிறார்கள். அந்தப் புத்திசாலித்தனம் நயினாருடையதாகத்தான் இருக்க வேண்டும்.

அடியில் கை விட்டபோது, அரைகுறையாக மென்ற சிவப்பு இதழ்கள் கொத்தாக வந்தன.

ஒன்றை எடுத்துத் தண்ணீரில் அலசினார். செவ்வரளி. இன்னொரு கை அள்ளினார், இன்னொரு கை. அள்ள அள்ள வந்தது. கூடவே வாழைநாரும் வந்தது. நாரில் ஜரிகைத் துண்டு சுற்றியிருந்தது.

மாலை!

டாக்டருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அரளி வாடினால் கசப்புப் போகும், விஷம் போகாது. பசித்த மாடு வாடின மாலையை விட்டுவைக்குமா? இதைத்தானே நேற்றுத் தொண்டை வற்றச் சொன்னார், ஒருத்தன் காதிலாவது ஏறியதா? கட்டி வைத்தவன் முட்டாள், கட்டுப்பட்டவன் முட்டாள், காவல் நிற்பவனும் முட்டாள். இத்தனை முட்டாள்களுக்கு நடுவில் தான் ஒருவர் என்ன செய்ய முடியும்?

சொட்டச் சொட்ட அந்த நாரை எல்லாரும் பார்க்கும்படி தூக்கிப் பிடித்தார்.

“எந்த மடையன்யா மாட்டுக் கழுத்துல அரளி மாலையப் போட்டது?”

நயினார் தன் செருப்பைப் பார்த்தார். போலீஸ்காரர் சைக்கிள் மணியைத் துடைத்தார். பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். டாக்டர் அதே கேள்வியை இன்னும் சத்தமாகக் கேட்டார்.

“நேத்து மேடையில நீங்கதான அய்யா போட்டிய” என்றான் மாசானம்.

நயினாரின் கை அவன் கன்னத்தில் விழுந்தது. “ஏலே, யாருகிட்ட என்ன பேசுத!”

டாக்டருக்கு நினைவு வந்தது. கனமான மாலை. இரண்டு பேர் சேர்ந்து தூக்கிக் கொடுத்தார்கள். என்ன பூ என்று அவர் பார்க்கவில்லை. போட்டோக்காரர், “சார், இங்கே” என்று கையைத் தூக்கினார். டாக்டர் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கையுறையைக் கழற்றினார். சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவினார். ஜீப்பின் முன்புறத்தில் காகிதத்தை விரித்து எழுத ஆரம்பித்தார். சாவுக்குக் காரணம், விஷம். விஷத்தின் பெயர், அரளி. யார் கொடுத்தது என்ற இடத்தில் பேனா சற்று நின்றது. அப்புறம் தெரியவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

போலீஸ்காரர் முதல் வரியை மட்டும் படித்துவிட்டுக் காகிதத்தை மடித்துப் பையில் வைத்தார். பூவரச மரத்திலிருந்து கயிற்றை அவிழ்த்து, அதன் நுனியைத் தன் கையில் சுற்றிக்கொண்டார். கூட்டம் ஒதுங்கி வழிவிட்டது.

டாக்டர் ஜீப்பில் ஏறி உட்கார்ந்து திரும்பிப் பார்த்தார். ஐம்பது பேர் இருப்பார்கள். அத்தனை பேருக்கும் விஷயம் தெரியும். ஒருத்தனுக்காவது வாயைத் திறந்து சொல்லத் துப்பிருக்கிறதா?

தூ, என்ன ஜனங்களோ என்று கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார்.