சுவரில் மாட்டிய வீடு

தணிகையை ஜெயிலுக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்து, காவலை ஒரு தனியார் கம்பெனியிடம் விட்டிருந்தார்கள். சுவரில் மாட்டிய பெட்டிதான் கம்பெனிக்கு வீடு. அவன் கணுக்காலில் பூட்டிய பட்டை அதைவிட்டுப் பத்தடி விலகினால் ஜெயில்.

அப்பா இறந்ததும் கம்பெனிக்குப் போன் போட்டான்.

"கொள்ளி வைக்கணும் மேடம்."

"வீடியோ கால்ல வைங்க சார்."

தங்கை புருஷன் பூபதி பெட்டியைக் கழற்றிப் பாடையில் வைத்தான். "மாமா கூடவே நட மச்சான். நீ வீட்லதான் இருக்க."

சுடுகாடுவரை பட்டை வாய் திறக்கவில்லை. சிதையில் ஏற்றும்போது பெட்டியை எடுக்க எல்லோரும் மறந்துவிட்டார்கள். கொள்ளி வைத்தவன் திரும்பிப் பார்க்காமல் போகவேண்டும் என்பது வழக்கம். தணிகை கொள்ளி வைத்துவிட்டு நடந்தான்.

பத்தாவது அடியில் பட்டை பணிவாகச் சொன்னது: "சார், வீட்டை விட்டுப் போறீங்க. உடனே திரும்புங்க."

"ஐயோ, பெட்டி!" என்றான் பூபதி.

தணிகை திரும்பவில்லை.