சுவரில் வளர்ந்த முடி

கன்டோன்மென்ட் பக்கம் நூற்றைம்பது வருடப் பழைய பங்களா ஒன்றைப் புதுப்பிக்கும் வேலைக்கு லவினாதான் இன்ஜினியர். மாடி அறையில் ஓதம் ஏறிய சுண்ணாம்புப் பூச்சைச் சுரண்டியபோது கொத்தனார் குணசேகரின் கையில் ஒரு கற்றை முடி சிக்கியது.

"அந்தக் காலத்துல பிடிப்புக்கு ஆட்டுமுடி கலப்பாங்க, மேடம்."

கறுத்த முடி. தொட்டதும் லவினாவின் விரலில் எண்ணெய் ஒட்டியது. விரலைத் துடைத்துக்கொண்டு, முடியைச் சுவரோடு ஒட்ட வெட்டச் சொன்னாள்.

மறுநாள் அது முழ நீளத்துக்குத் தொங்கியது. அதில் ஈரும் பேனும் இருந்தன. குணசேகர் கரணையைக் கீழே போட்டுவிட்டார்.

"இது ஆட்டுமுடி இல்ல மேடம். நான் தொடமாட்டேன்."

அந்தச் சுவரையே இடித்துவிட அனுமதி கேட்டு லவினா தொல்லியல் துறைக்கு எழுதினாள். பழைய பூச்சை இடிக்கக் கூடாது, அப்படியே பாதுகாக்க வேண்டும் என்று பதில் வந்தது. அந்த இடத்துக்கு மட்டும் கண்ணாடி போட்டு மூடினார்கள்.

திறப்பு விழாவன்று காலை, மூக்கைப் பொத்திக்கொண்டு லவினா கண்ணாடியைத் துடைத்தாள். பிசுக்கு உள்பக்கம் இருந்தது. முடியை யாரோ படிய வாரி, நடுவில் நேராக வகிடு எடுத்திருந்தார்கள். வகிட்டில் தெரிந்தது சுண்ணாம்பு இல்லை. பொடுகு படிந்த தோல்.