பெரியவர் பதில் சொல்கிறார்

“அக்கா, பெரியவர் பதில் சொல்றாரு!”

நெட்வொர்க்காரிக்குத் தூக்கிவாரிப்போட்டது.

பெரியவர் என்பது அந்தப் பதினாறு மாடிக் கட்டடத்தின் பழைய சர்வர். கதவு, விளக்கு, தண்ணீர் மோட்டார், லிஃப்ட் எல்லாம் அவரைக் கேட்டுத்தான் மூச்சு விடும். அவருடைய விசிறி போட்ட இரைச்சலில் பக்கத்துத் தெரு நாய்களே குடும்பத்தோடு ஊரைக் காலி செய்தன. இன்று காலை ஒன்பது மணிக்கு வயர்களைப் பிடுங்கித் தள்ளுவண்டியில் ஏற்றினார்கள். கட்டடத்து எலெக்ட்ரீஷியனான அவள் கணவனே அவரைக் கீழ்த்தளக் கிடங்குக்குத் தள்ளிக்கொண்டு போனான்.

“செத்தவரு எப்படிப்பா பேசுவாரு?”

“நீங்களே பாருங்க. ‘கேட்டேன். ஆள் வருது.’ இதோட நாற்பத்திரண்டு தடவை!” என்றான் பக்கத்து மேஜை ஒல்லி. “மாமா கீழே கொண்டுபோய்த் திரும்ப மாட்டிட்டாரோ? போன் போடுங்க.”

“எடுத்தாத்தானே? காலையில சண்டை. நாலு மணி நேரமா மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்காரு.”

சொன்னாளே தவிர, மேஜையில் பிரிக்காமல் கிடந்த இரண்டு டிபன் டப்பாக்களின் பக்கமே கண் போனது. அந்த மனுஷன் கோபத்தில் பேசாமல் இருப்பான். சாப்பிடாமல் இருந்த சரித்திரமே கிடையாது.

டிஎன்எஸ் பட்டியலில் பெரியவர் பெயரை அழித்தாயிற்று. பெயரைச் சொன்னால் முகவரி சொல்ல ஆளில்லை. ஒவ்வொரு வேலைக்கும் ஒன்றாகத் தனித்தனியே ஓடும் ‘கன்டெய்னர்’ புரோகிராம்களில் மற்றதெல்லாம் புதிய சர்வரோடு சமத்தாகப் பேசின. ஏழாவது மட்டும் செத்தவரோடு பேசிக்கொண்டிருந்தது.

அதற்குள் நுழைந்து, பெரியவரைக் கூப்பிட்டுப் பார்த்தாள். கண்ணிமைப்பதற்குள் ஆயிரம் தடவை வரும் வேகத்தில் பதில் வந்தது.

“இவ்வளவு வேகமா வரணும்னா பக்கத்து ரூம்லகூட இருக்க முடியாது. இங்கயே நிக்கணும்.”

ஒல்லி இரண்டு கால்களையும் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டான்.

அவள் அந்த மெஷினின் நெட்வொர்க் கேபிளையே பிடுங்கினாள். பதில் நிற்கவில்லை. திரும்பச் செருகியதும் திரையில் இன்னொரு வரி: ‘கேட்டேன். ஆள் வருது.’

நாற்பத்து மூன்று.

கடைசியாக, கன்டெய்னர் தனக்கென்று வைத்திருக்கும் முகவரிக் குறிப்பான ஹோஸ்ட்ஸ் ஃபைலைத் திறந்தாள். பெரியவர் பெயருக்கு நேரே 127.0.0.1. எந்த மெஷினும் தன்னைத்தானே கூப்பிட்டுக்கொள்ளும் முகவரி!

“அட, நேத்து டெஸ்டுக்காக நான் எழுதினது! அழிக்க மறந்துட்டேன். இதுவே கேக்குது, நான் உள்ள வச்ச பொம்மை புரோகிராமே பதில் சொல்லுது. வெளிய யாருக்கும் எதுவும் போகலை.”

“பேயை மடியில வச்சுக்கிட்டு ஊரெல்லாம் தேடினோமா!” ஒல்லி காலைக் கீழே இறக்கினான். “அது சரி, இது எதுக்கான கன்டெய்னர்க்கா?”

சிரித்துக்கொண்டே மேலே நகர்த்திப் படித்தவளின் சிரிப்பு பாதியில் உறைந்தது.

‘சாமான் லிஃப்ட், அபாய மணி. முதல் அழைப்பு: காலை 9.07.’

அடியில் நாற்பத்து நான்காவது மணி வந்து விழுந்தது. அதன் கீழேயே பதிலும்: ‘கேட்டேன். ஆள் வருது.’