இரண்டு கிலோ தயவு

எடை மெஷின் பொய் சொல்லாது என்று மனித குலம் நெடுங்காலமாக நம்பி வருகிறது. வருத்தத்துடன் தெரிவிக்க வேண்டியிருக்கிறது: சொல்லும். யாராவது கொஞ்சம் ஒத்தாசை செய்தால் போதும்.

டயாலிசிஸ் வார்டின் தலைமை நர்ஸ் அந்த மனித குலத்தைச் சேர்ந்தவர். சிறுநீரகம் வேலைநிறுத்தம் செய்துவிட்டவர்களுக்குக் குடித்த தண்ணீர் உடம்பிலேயே தங்கிவிடும். இருக்க வேண்டிய எடையைவிட எத்தனை கிலோ கூட? அத்தனை லிட்டரை வெளியே எடு. இருபது வருடமாக அவருக்குத் தெரிந்த சாஸ்திரம் அவ்வளவுதான்.

அதனால், சோதனைக்கென்று வந்திருந்த புது ஒளிக் கருவியை அவருக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. கணுக்காலில் ஒரு பட்டையைச் சுற்றினால், சிவப்பு ஒளி தோலுக்குள் போய்த் திரும்பி வந்து, எத்தனை லிட்டர் அதிகம் என்று சொல்லிவிடுமாம். ஊசி கிடையாது, ரத்தம் கிடையாது.

"டார்ச் அடிச்சுத் தண்ணி இருக்கான்னு பார்க்க இது என்ன கிணறா?" என்றார்.

மற்ற நோயாளிகளிடம் ஒளியும் எடையும் ஒத்துப்போயின. ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் ஒருவரிடம் மட்டும் தகராறு. எடை மெஷின் ஒன்றரை கூட என்றால், ஒளி மூன்றரை என்றது. ஒன்பது தடவையும் அதே இரண்டு வித்தியாசம்.

'கருவியில் கோளாறு' என்று நர்ஸ் எழுதி வைத்தார். டாக்டர் கையெழுத்துப் போட்டதும் மூட்டை கட்டி அனுப்பிவிடலாம்.

டிரைவருக்கோ ஒரு மாதமாக மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டியது. எடை சரியாகத்தானே இருக்கிறது, அப்படியானால் கோளாறு இதயத்தில்தான் என்று முடிவு செய்த டாக்டர், அடுத்த வாரம் குழாய் விட்டுப் பார்க்க நாள் குறித்திருந்தார்.

டிரைவரை வாரம் மூன்று நாள் அழைத்து வருபவர் அவருடைய மச்சான், மனைவியின் தம்பி. தங்கமான மனிதர். "மெதுவா மாமா... காலைப் பார்த்து வைங்க..." என்று முழங்கையைத் தாங்கி எடை மெஷினில் ஏற்றுவார். எண் நிற்கும்வரை பிடித்த பிடியை விடமாட்டார்.

"மலை ஏறப் போனாலும் மச்சான் தயவு வேணும்னு சும்மாவா சொன்னாங்க!" என்பார் நர்ஸ்.

"அவனாவது இருக்கானே சிஸ்டர். வீட்டுக்காரி பாட்டில் மூடியில தண்ணி அளந்து ஊத்துறா. இருமல் மருந்து மாதிரி!"

அந்த வீட்டுக்காரியை நர்ஸ் பார்த்ததில்லை. பார்க்காமலே தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

அன்று மச்சானுக்குக் காய்ச்சல். மனைவி ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டுக் கூட வந்தார். எடை மெஷின் அருகே வந்ததும் கணவரின் கையை விட்டார். இரண்டு அடி பின்னால் போய், கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

டிரைவர் ஏறியதும் கொஞ்சம் ஆடினார். அவருடைய கை காற்றில் மச்சானைத் தேடியது.

"ஏம்மா, கொஞ்சம் பிடிக்கக் கூடாதா? விழுந்து வெச்சா?"

"ரெண்டு அங்குல உயரம்தானே சிஸ்டர். நிப்பார்."

"முப்பது வருஷம் பஸ் ஓட்டினேன்," என்றார் டிரைவர். "இவகிட்ட ஒரு ஹாரன்கூட அடிக்க முடியலை."

நர்ஸுக்கு ரத்தம் கொதித்தது. பேனாவைப் பாக்கெட்டில் செருகிவிட்டு, தாமே போய் டிரைவரின் முழங்கையைத் தாங்கினார். டிரைவர் ஜம்மென்று சாய்ந்துகொண்டார்.

"பாருங்க, அறுபத்தாறரை. இருக்க வேண்டியது அறுபத்தஞ்சு. ஒன்றரைதான் கூட. இவ்வளவு கட்டுப்பாடா இருக்கிற மனுஷனுக்குப் போய் மூடியில தண்ணி..."

"கையை எடுங்க சிஸ்டர்."

"என்னது?"

"கையைக் கொஞ்சம் எடுங்க."

எடுத்தார்.

எண்கள் ஓட ஆரம்பித்தன. அறுபத்தேழு. அறுபத்தெட்டு. அறுபத்தெட்டரையில் நின்றன.

டிரைவர் சுவரில் ஒட்டியிருந்த தீத்தடுப்பு விதிகளை வெகு சிரத்தையாகப் படிக்கத் தொடங்கினார்.

"வீட்டு எடை மெஷின்ல துணிக்கொடியைப் பிடிச்சுக்கிட்டு நின்னாலும் இதே ரெண்டு கிலோதான் குறையுது. நேத்துதான் பார்த்தேன்," என்றார் மனைவி. "பாவம் பார்த்து என் தம்பி வழியில பாட்டில் பாட்டிலா வாங்கிக் கொடுக்கிறான். எடை கூடினா நீங்க திட்டுவீங்கன்னு கையும் கொடுக்கிறான். விடிய விடிய உட்கார்ந்துகிட்டே தூங்குற மனுஷனைப் பார்த்துக்கிட்டு இருக்கிறவ நான்."

"அவனை ஒண்ணும் சொல்லாதே. நான்தான் கேட்டேன்," என்றார் டிரைவர், விதிகளிலிருந்து கண்ணை எடுக்காமல். "நாக்கு செருப்புத் தோல் மாதிரி ஆயிடுது."

நர்ஸ் ஒளிப் பட்டையை எடுத்து வந்து அவருடைய கணுக்காலில் சுற்றினார்.

மூன்றரை.

இருபது வருடத்தில் தாம் தாங்கிய முழங்கைகள் எத்தனை என்று எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டார்.

மறைந்திருந்த இரண்டு லிட்டரையும் நாலைந்து தடவையாகப் பிரித்து வெளியே எடுத்தார்கள். டிரைவர் மல்லாந்து படுத்துத் தூங்கினார். இதயத்துக்குக் குறித்திருந்த நாள் ரத்தாயிற்று. 'கருவியில் கோளாறு' என்ற காகிதம் கையெழுத்தாகாமலே குப்பைத் தொட்டிக்குப் போனது.

எடை மெஷினைச் சுற்றித் தரையில் ஒரு மஞ்சள் கோடு போட்டிருக்கிறார்கள். துணைக்கு வருபவர்கள் அதைத் தாண்டக் கூடாது.

மச்சான் இப்போதும் தவறாமல் வருகிறார். கோட்டுக்கு வெளியே, அக்காவைப் போலவே கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்.