கலக்கிய டீ

"நகருங்க பெரியப்பா. இவனுக்கு ஒரு குண்டு போதும்."

சர்கவ்த் துப்பாக்கியோடு நின்றான். எங்கள் தலைவர் கிதிர் பெரியப்பா நகரவில்லை. பிடிபட்டவனுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கண்ணாடிக் குவளையில் டீயைக் கலக்கிக்கொண்டிருந்தார்.

விடியற்காலையில் எங்கள் குர்துக் காவல்மேட்டைத் தாக்க வந்த கறுப்புக் கொடி ஜிகாதிகளில் அவன் ஒருவன்தான் மிஞ்சியிருந்தான். தொடையில் குண்டு. கை இரண்டும் பின்னால் கட்டியிருந்தது. காயத்துக்குக் கட்டுப் போட்டதும் பெரியப்பாதான். மக்மூர் நகரிலிருந்து வண்டி வந்து அவனைக் கொண்டுபோக வேண்டும். அதற்குள் முடித்துவிட வேண்டும் என்பது சர்கவ்தின் அவசரம்.

"கைதியைச் சுடக்கூடாதுடா. வகுப்பு எடுத்தாங்களே, தூங்கிட்டியா?"

"எடுத்தாங்க, எடுத்தாங்க. வெளிநாட்டுக்காரர் படம் போட்டுக் காட்டினார். இவங்களுக்கு யாராவது வகுப்பு எடுத்தாங்களா? என் அண்ணனும் உயிரோடதான் பிடிபட்டான். என்ன பண்ணாங்கன்னு வீடியோவுல ஊரே பார்த்துச்சு. சட்டத்தை மதிக்கிறவனுக்குத்தான் சட்டம்!"

உண்மையைச் சொன்னால், எங்களில் பாதிப்பேர் சர்கவ்த் பக்கம்தான். அவன் அண்ணனின் சவத்தைக்கூட அவர்கள் கொடுக்கவில்லை.

"இவன் செஞ்சதுக்கு நீதிபதி கேள்வி கேக்கட்டும். தூக்கே போடட்டும், நான் அழ மாட்டேன்" என்றார் பெரியப்பா. "ஆனா என் மேட்டுல, கையைக் கட்டிப் போட்டவனை யாரும் சுட மாட்டீங்க."

சொல்லிவிட்டு, ஸ்பூனால் டீயை எடுத்து அவன் வாயில் ஊட்டினார். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். இன்னொரு தடவை நீட்டினார். குடித்தான்.

சர்கவ்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஊட்டி வேற விடறீங்களா! எனக்கு ரொம்ப நாளாவே சந்தேகம். நீங்க பாதி அரபு ஆளு. உங்க டீயே சொல்லுதே!"

அது மேட்டில் எல்லோரும் செய்யும் கேலிதான். எங்கள் பக்கத்தில் குர்துக்காரன் சர்க்கரைக் கட்டியை நாக்குக்கடியில் அடக்கிக்கொண்டு, அதன்மேல் வெறும் டீயை உறிஞ்சுவான். பெரியப்பா மட்டும் தெற்கத்தி அரபுக்காரர் மாதிரி சர்க்கரையைக் குவளையில் போட்டு டிங் டிங்கென்று கலக்குவார். "பெரியப்பா, பள்ளிக்கூட மணி அடிச்சாச்சா?" என்று நாங்கள் தினமும் வம்பிழுப்போம். சிரிப்பாரே தவிர, பதில் சொன்னதில்லை.

இன்றைக்குச் சொன்னார்.

"உன் வயசுல, மலையில பாக்தாத் பட்டாளத்துக்கிட்ட நான் பிடிபட்டேன். இதே மாதிரி கையைப் பின்னால கட்டியிருந்தாங்க. துப்பாக்கிக் கட்டையால அடிச்சுத் தாடை போயிடுச்சு. சர்க்கரைக் கட்டியை எங்க அடக்கறது? எச்சிலையே முழுங்க முடியல. காவலுக்கு நின்ன சிப்பாய் ஒரு அரபுப் பையன், தெற்கே ஹில்லா ஊர்க்காரன். அவன்தான் டீயில சர்க்கரையைக் கரைச்சு, ஆற வச்சு, ஸ்பூன்ல ஊட்டினான்."

பெரியப்பா கைதிக்கு இன்னொரு ஸ்பூன் ஊட்டினார்.

"பக்கத்துலயே இன்னொருத்தன் குதிச்சுக்கிட்டு இருந்தான். 'இவனுக்கு எதுக்குடா டீ? சுட்டுத் தள்ளு'ன்னு. எங்க ஆளுங்க அவன் தம்பியைக் கொன்னுட்டாங்களாம். அவன் கோபத்துலயும் தப்பு இல்ல."

"ஹில்லாக்காரன் என்ன சொன்னான்?" என்று கேட்டான் சர்கவ்த்.

"பெருசா ஒண்ணும் சொல்லல. 'கட்டிப் போட்டவனைச் சுடறதில்ல'ன்னான். வண்டி வர்ற வரைக்கும் என் முன்னாடியே உட்கார்ந்திருந்தான். அப்புறம் கைதிகள் பரிமாற்றத்துல வீடு வந்தேன். கல்யாணம், நாலு பிள்ளைங்க, எட்டுப் பேரப்பிள்ளைங்க... எல்லாம் அவன் போட்ட பிச்சை. அவன் பேருகூடத் தெரியாதுடா எனக்கு. நன்றி சொல்லணும்னா எங்க போய்ச் சொல்ல? அதான் டீயைக் கலக்கிக் குடிக்கறேன். ஒவ்வொரு தடவையும் அவனை நினைச்சுக்குவேன்."

நான் பெரியப்பா கண்ணில் படாமல் பின்னால் நகர்ந்துகொண்டேன். தினமும் வம்பிழுத்த வாய் அல்லவா.

சர்கவ்தின் துப்பாக்கி முனை கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்து மண்ணைத் தொட்டது.

கொஞ்ச நேரத்தில் வண்டி வந்தது. ஸ்ட்ரெச்சரின் தலைப் பக்கத்தை நான் பிடித்தேன். கால் பக்கத்துக்கு ஆள் தேடித் திரும்பினால், சர்கவ்த் குனிந்துகொண்டிருந்தான். "பார்த்துத் தூக்கு, கட்டு அவிழ்ந்துடும்" என்று என்னிடம்தான் எரிந்து விழுந்தான்.

வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு போன பிறகும் அவனுக்கு மனசு ஆறவில்லை. பெரியப்பா குவளையைக் கழுவிக்கொண்டிருந்த இடத்துக்கு வந்தான்.

"ஆனாலும் அது வேற, இது வேற பெரியப்பா. நீங்க மண்ணுக்காகச் சண்டை போட்டவரு. இவன் பயங்கரவாதி."

பெரியப்பா குவளையை உதறிக் கவிழ்த்து வைத்தார்.

"நான் பிடிபட்ட சேதியை அன்னிக்கு பாக்தாத் வானொலியில வாசிச்சாங்கடா. என் பேருக்கு முன்னால அவங்களும் அந்த வார்த்தையைத்தான் போட்டாங்க. ஹில்லாக்காரனும் அதைக் கேட்டான். கேட்டுட்டுத்தான் டீ போட எழுந்திருச்சான்."